ஆறில்லா நாட்டில் நீர்

ஒரு நாட்டின் செல்வத்தை அதன் மாட மாளிகைகளையும் கடைவீதிகளையும் கொண்டு அளப்பது உலக வழக்கு. குவைத்து நாட்டுக்குச் செல்வோர்க்கு முதலிற் புலப்படுவனவும் விண்ணளாவிய கட்டடங்களும் அகன்ற வீதிகளிலே ஓயாது விரையும் ஊர்திகளுமேயாம். அந்நாட்டுத் தினார் உலக நாணயங்களுள் மதிப்பால் முதலிடம் பெற்றது. ஆயினும், அங்குப் பணிபுரியும் பழைய மாணாக்கர் ஒருவரின் இல்லத்திற் சின்னாள் தங்கி, அந்நகர வாழ்க்கையைக் கண்ட எனக்கு, அச்செல்வத்தின் இயல்பை உணர்த்தியது பொன்னும் அன்று, எண்ணெயும் அன்று, குடிநீரே.

குவைத்தில் ஆறில்லை, ஏரியுமில்லை. மழை குளிர்காலத்திற் சிறிதே பெய்து மறையும். கோடையின் கொடுமைக்கு ஒரு சான்று கூறலாம்: 2016 யூலை 21ஆம் நாள் மித்ரிபா என்னும் இடத்திலே 53.9 பாகை செல்சியசு வெப்பம் பதிவாயிற்று. இத்தகைய நிலத்து முன்னோர் முத்துக்குளித்தும் மரக்கலம் செலுத்தியும் வாழ்ந்தனர். ஊர்க் கிணறுகள் போதாமையால், சட்டுல் அரபு ஆற்றிலிருந்து பாய்க்கப்பல்களிலே நன்னீர் கொணர்ந்தனர். அதனைக் கழுதைமீதும் தம் தோள்மீதும் சுமந்து வீடுதோறும் விற்றுப் பிழைத்தோர் பலர்.

யப்பானியரின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்ததும் முத்துத் தொழில் நலிந்தது. 1938இல் புர்க்கானில் எண்ணெய் கண்டனர். 1946இல் அஃது ஏற்றுமதியாகத் தொடங்கிற்று. 1953இல் சுவைக்கு என்னுமிடத்திலே, நாளொன்றுக்குப் பத்து இலட்சம் கலன் நன்னீர் தரவல்ல ஆலை எழுந்தது. கடல்நீரைக் கொதிக்கச் செய்து, ஆவியைக் குளிர்வித்து, உப்பின்றி எடுப்பதே அம்முறை. அதற்கு வேண்டிய வெப்பம் எண்ணெயையும் எரிவாயுவையும் எரித்துப் பெறுவது. எனவே, அந்நாட்டார் பருகும் ஒரு குவளை நீரினுள்ளே நெருப்பு மறைந்திருக்கின்றது எனலாம்.

கடற்கரையில் நிற்கும் குவைத்துக் கோபுரங்களை அறியாதார் இலர். 1979இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட அம்மூன்றனுள் பெரியது 187 மீட்டர் உயரமுடையது. அணிகலன்போல மின்னும் அவற்றின் கோளங்களைக் கண்டு வியப்போர், அவற்றுட் பெரும்பகுதி நீர்த்தேக்கம் என்பதை எண்ணுவதில்லை. பிற நாட்டார் வெற்றித்தூண் நாட்டும் இடத்திலே இவர்கள் தண்ணீரை உயர்த்தி வைத்திருக்கிறார்கள்!

இச்செல்வம் எளிதிற் குலையவும் வல்லது. 1990 ஓகத்து 2ஆம் நாள் ஈராக்கியப் படை புகுந்தது. அடுத்த ஆண்டிலே கடலில் எண்ணெய் பரவிற்று. அறுநூற்றுக்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் தீப்பற்றி எரிந்தன. எந்தக் கடலிலிருந்து குடிநீர் பெற்றார்களோ அந்தக் கடலையே அஞ்ச வேண்டியதாயிற்று. அக்காலத்தில் உடைமையிழந்து, யோர்தான் வழியாக ஊர் திரும்பியவருள் நம் இலங்கையரும் பலர்.

இனி, நாள்வாழ்க்கைக்கு வருவோம். வீட்டு மதிலின் புறத்தே வழிப்போக்கர்க்கெனக் குளிர்நீர்ப் பெட்டியொன்று வைத்திருப்பதைத் தெருக்களிலே காணலாம். அதனைச் 'சபீல்' என்பர். இறந்துபோன பெற்றோர் பெயரால் இவ்வறம் செய்வோர் பலர். திங்களூரிலே நாவுக்கரசர் பெயரால் அப்பூதியடிகள் அமைத்த தண்ணீர்ப் பந்தர் நினைவுக்கு வராதிருக்குமோ? மொழியும் சமயமும் வேறாயினும் தாகமும் அறமும் ஒன்றே.

அந்நீரைப் பருகுவோர் யாவர்? தெருக்கூட்டுவோர், கட்டடத் தொழிலாளர், காவலாளர். நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே அந்நாட்டுக் குடிகள். ஏனையோர் இந்தியா, எகித்து, வங்காளதேசம், பிலிப்பைன்சு, இலங்கை முதலிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்தோர். யூன் முதல் ஓகத்து வரை, முற்பகல் 11 மணி தொடக்கம் பிற்பகல் 4 மணி வரை வெயிலில் வேலை வாங்கலாகாது என்பது சட்டம்.

மாலையானதும் ஆடவர் 'திவானியா' என்னும் கூடத்திலே கூடுவர். அரசியல், வணிகம், திருமணம் யாவும் அங்கே பேசப்படும். பிடியற்ற சிறு கிண்ணத்திலே காப்பி வரும். போதுமெனின் கிண்ணத்தைச் சிறிது அசைத்தல் வேண்டும். அதுவரை ஊற்றுவோர் ஊற்றிக்கொண்டேயிருப்பர். வந்தவர் யாவரெனினும் முகமலர்ந்து ஏற்கும் அவ்விருந்தோம்பல் போற்றத்தக்கது. ஆயினும், ஊற்றும் கை பெரும்பாலும் அயல்நாட்டான் கை. அக்கூடத்து உரையாடலில் அவனுக்கு இடமில்லை.

வீட்டுப் பணிப்பெண்கள் நிலை இன்னும் ஆராய்தற்குரியது. வாரத்தில் ஒருநாள் ஓய்வும், ஆண்டுக்கு முப்பது நாள் சம்பளத்துடன் விடுப்பும் 2015ஆம் ஆண்டுச் சட்டம் அவர்க்கு அளிக்கின்றது. வெள்ளிக்கிழமை நகருக்கு வந்து, தம்மூரவரைக் கண்டு, பிள்ளைகளின் படிப்புக்குப் பணமனுப்பிச் செல்லும் இலங்கைப் பெண்களைக் கண்டேன். ஓய்வுநாளே அறியாத பெண்களும் உளர் என்று அவர்கள் கூறினர். அவர்களை யான் காணவில்லை. அவர்கள் கதவுக்கு உள்ளே இருந்தார்கள்.

நம் வகுப்பறைகளிலே அமர்ந்திருக்கும் பிள்ளைகள் சிலரின் அன்னையர் அக்கதவுகளுக்குள்ளே உழைக்கின்றனர் என்பதை ஆசிரியர்களாகிய நாம் மறத்தலாகாது. மதிலின் வெளியே அயலானுக்குத் தண்ணீர் வைக்கும் நெஞ்சம் அந்நாட்டார்க்கு உண்டு, அதனை ஐயுறுதற்கில்லை. அவ்வீரம் மதிலின் உள்ளேயும் ஊறுமாயின், ஆறில்லாக் குறை அந்நாட்டுக்கு இல்லையாகும்.