கசகசா வயலுக்கு எத்தனை பூட்டு!

குருமாவுக்கு அரைக்கும் கசகசா எந்தச் செடியில் விளைகிறது? நம்மில் பலர் இதைப் பற்றி யோசித்ததே இல்லை. அபின் செடியின் விதைதான் கசகசா. விதை சமையலுக்குப் போகிறது. அந்த விதையைப் பொதிந்து வைத்திருக்கும் பச்சைக் காயைக் கீறினால் பால் வடிகிறது. அது இறுகினால் அபின். அபினிலிருந்து மார்பின் எடுக்கிறார்கள். புற்றுநோயின் கடும் வலிக்கு டாக்டர்கள் கொடுப்பது இந்த மார்பினைத்தான்.

ஒரே செடிதான். சமையலறையும் அதைத் தேடுகிறது, ஆஸ்பத்திரியும் தேடுகிறது, கள்ளக்கடத்தல்காரனும் தேடுகிறான். ஆகவே, அதை விளைவிக்கும் இடத்தில் காவல் பலமாக இருக்கிறது.

வயலில் காவல்

மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில், மத்திய அரசு குறிப்பிட்டுச் சொல்லும் பகுதிகளில் மட்டுமே அபின் செடி பயிரிடலாம். நீமச், மந்த்சௌர், சித்தோர்கர் வட்டாரங்கள் இதற்குப் பெயர் போனவை. லைசென்சு தருவது குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய போதைப்பொருள் துறை.

லைசென்சு பெறும் நிலம் மிகச் சிறியது. ஒரு ஹெக்டேரில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் பலருக்கும் கிடைக்கும். அதிகாரிகள் வயலுக்கே வந்து அளந்து பார்ப்பார்கள். காய் முற்றும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விவசாயிகள் வயலோரத்தில் இரவும் பகலும் காவல் இருப்பார்கள். திருடனை மட்டும் பார்த்துக்கொண்டால் போதாது. காயின் ருசி கண்ட கிளிகளும், வயலில் புகுந்து மேயும் நீலமான்களும் தொல்லை தருவதால் பலர் வலை கட்டிப் பாதுகாக்கிறார்கள்.

பேரேடுதான் பெரிய பூட்டு

பிற்பகலில் காயைக் கீறிவிட்டு, மறுநாள் காலையில் பாலை வழித்து எடுப்பார்கள். அன்றன்று எடுத்த அபினை ஊரில் உள்ள லம்பர்தாரிடம் காட்டி எடை போட வேண்டும். நம் ஊர் மணியக்காரரைப் போன்றவர் அவர். எந்த விவசாயி எந்தத் தேதியில் எவ்வளவு எடுத்தார் என்று அவர் பேரேட்டில் எழுதுகிறார். அதிகாரிகள் அந்தக் கணக்கைச் சரிபார்க்கிறார்கள்.

பிறகு அரசின் எடை மையத்தில் முழு அபினையும் ஒப்படைக்க வேண்டும். ஒரு துளியைக்கூட வெளியில் விற்கக் கூடாது. ஒப்படைத்த சரக்கில் கலப்படம் உண்டா என்று சோதிப்பார்கள். ஹெக்டேருக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோ மார்பின் தேற வேண்டும் என்று அரசு அளவு வைத்திருக்கிறது. அதற்குக் குறைந்தால் அடுத்த ஆண்டு லைசென்சுக்கு ஆபத்து. அபினைக் கையாடல் செய்த விவசாயிக்குச் சட்டம் விதிக்கும் தண்டனை 10 முதல் 20 ஆண்டு வரை கடுங்காவல்; ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு.

ஆபீசில் சரக்குக் கணக்கு எழுதும் வாசகர்களுக்கு இந்த முறை உடனே புரியும். வரவும் செலவும் இருப்பும் பொருந்தாவிட்டால், மதில் எவ்வளவு உயரமாக இருந்தும் பயனில்லை.

ஆலையில் காவல்

சேர்ந்த அபின் முத்திரையிடப்பட்டு, காவலுடன் இரண்டு அரசு ஆலைகளுக்குப் போகிறது. ஒன்று நீமச்சில் உள்ளது. மற்றொன்று கங்கைக் கரையில் காஜிபூரில், கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் 1820-ல் தோன்றியது. இரண்டுக்கும் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை காவல். காஜிபூர் ஆலையின் கழிவுநீரைக் குடித்த குரங்குகள் தூங்கி வழிந்த கதை பத்திரிகைகளில் பலமுறை வந்திருக்கிறது. அந்தக் குரங்குகளை எந்தப் படையாலும் தடுக்க முடியவில்லை!

திருட்டுக்கு வசதியான பொருள் வயலில் எடுக்கும் பால்தான். கையடக்கப் பொட்டலத்தில் பெருந்தொகை அடங்கிவிடும். எனவே, 2020-21 முதல் காயைக் கீறாமலே வளர்க்கவும் லைசென்சு தரப்படுகிறது. காய்ந்த காயையே வாங்கி, அதிலிருந்து மார்பினைப் பிரிப்பது இம்முறை. காய்த் தோலுக்கும் கள்ளச்சந்தை உண்டு என்றாலும், மூட்டை மூட்டையாகக் கடத்துவது எளிதல்ல. துருக்கி நாடு 1974-லேயே இந்த வழிக்கு மாறிவிட்டது.

நோயாளிக்கும் விழுந்த பூட்டு

ஆனால் பூட்டு மேல் பூட்டுப் போட்டதில் ஒரு கொடுமையும் நடந்தது. 1985 நவம்பரில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. அதன்பின் ஒரு ஆஸ்பத்திரி மார்பின் வாங்க வேண்டுமானால், பல துறைகளில் தனித்தனியே லைசென்சு பெற வேண்டியிருந்தது. ஒன்று கிடைப்பதற்குள் மற்றொன்று காலாவதியாகிவிடும். வழக்குக்குப் பயந்து மருந்துக் கடைகளும் ஒதுங்கின. 1997-க்குள் நாட்டில் மார்பின் உபயோகம் 90 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. நம் நாட்டு அபினில் எடுத்த மருந்து வெளிநாட்டு நோயாளிகளின் வலியைத் தீர்த்தது. நம் நோயாளிகள் வலியில் துடித்தார்கள்.

கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் உள்ளிட்டோர் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. மார்பின் உட்பட ஆறு மருந்துகள் அத்தியாவசியப் பட்டியலில் சேர்ந்தன. பல இடங்களுக்கு அலையாமல், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடமே ஆஸ்பத்திரி அனுமதி பெறலாம் என்றும் ஆயிற்று.

ஊரை விட்டு வந்த இடத்தில் உறவினருக்குப் புற்றுநோய் என்றால் நாம் திகைத்துப் போகிறோம். வலியைப் பொறுத்துத்தான் ஆக வேண்டும் என்று எண்ண வேண்டாம். வலி நிவாரணச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். டாக்டர் சீட்டின்படி, அவர் சொன்ன அளவில் மார்பின் சாப்பிடுவது குற்றம் அல்ல. அந்த நோயாளிக்காகத்தான் நீமச்சில் ஒரு விவசாயி இரவெல்லாம் கண்விழித்துக் காவல் காக்கிறார்.