மிளகாய் பஜ்ஜியும் துப்புத் துலக்கும்!

மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்னாடியே வாங்க. பெங்களூருக்கு எவ்வளவு சளி, எவ்வளவு காய்ச்சல் என்று கணக்கெடுக்கும் இடத்தை எட்டிப் பார்க்கப் போகிறோம். முதல் ஸ்டாப், சாக்கடை!

2022 ஜனவரி முதல் ஜூன் வரை டாடா மரபியல் மற்றும் சமூக ஆய்வு நிறுவனத்தின் ஃபரா இஷ்தியாக் குழு, நகரின் 28 கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் சாம்பிள் எடுத்து கொரோனாவைத் தேடியது. கணக்கில் வந்தவர்கள் சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர். ஒருவர் மூக்கிலும் குச்சி விடவில்லை! டெஸ்ட்டுக்கே போகாமல் மிளகு ரசத்தைக் குடித்துவிட்டு இழுத்துப் போர்த்திப் படுத்தவரும், காலையில் டாய்லெட் போனால் போதும்... ஆஜர்!

லேபில் அந்தக் கலங்கல் நீரை வடித்து, சுண்டவைத்தாற்போல வைரஸைத் திரட்டி, அதன் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வைப் பிரித்து பிசிஆர் மெஷினுக்குள் தள்ளுவார்கள். சிக்னல் சீக்கிரம் எகிறினால் வைரஸ் ஏராளம்.

சரி, மழை கொட்டிச் சாக்கடை நீர்த்துப்போனால்? அங்கேதான் செம ட்விஸ்ட். மிளகாய்ச் செடியைத் தாக்கும் வைரஸ் ஒன்று உண்டு. சாப்பாட்டோடு உள்ளே போய், முழுசாக வெளியே வந்துவிடும். உலகம் முழுக்கக் கழிவுநீர் ஆய்வாளர்கள் அதையும் சேர்த்து அளக்கிறார்கள். அது குறைந்தால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம், கணக்கைச் சரிசெய்துவிடலாம். பெங்களூர் வி.வி.புரம் சாப்பாட்டுத் தெருவில் நீங்கள் அமுக்கும் மிளகாய் பஜ்ஜி வீண்போகாது!

இரண்டாவது ஸ்டாப், ஆஸ்பத்திரி. 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், கூடவே இருமல், தொடங்கி 10 நாளுக்குள் என்றால் 'ஐ.எல்.ஐ.' (ஃப்ளூ போன்ற நோய்), அட்மிட் ஆகிவிட்டால் 'சாரி' (கடுமையான சுவாசத் தொற்று). மூக்கில் சுழற்றிய குச்சியை இளஞ்சிவப்புத் திரவத்தில் முக்கி, ஐஸ் பெட்டியில் லேபுக்கு ஏற்றிவிடுவார்கள். 2025 ஜனவரியில் டிவி சேனல்களை அலறவிட்ட ஹெச்.எம்.பி.வி. என்ற சுவாச வைரஸ், இப்படியான வழக்கமான கண்காணிப்பில்தான் பெங்களூரில் இரண்டு கைக்குழந்தைகளிடம் சிக்கியது. குழந்தைகள் வெளிநாடு எதுவும் போனதில்லை. வைரஸும் புதுசு இல்லை. 2001-லேயே நெதர்லாந்தில் கண்டுபிடித்தாயிற்று!

க்ளைமாக்ஸ் உலக அளவில். உலக சுகாதார நிறுவனத்தின் ஃப்ளூ கண்காணிப்பு வலை 1952-லிருந்து இயங்குகிறது. நம் புனே தேசிய வைராலஜி நிறுவனமும் அதில் உறுப்பினர். பல நாட்டுச் சளியை அலசி, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் அடுத்த ஃப்ளூ ஊசியில் எந்த ரகம் என்று முடிவு செய்கிறார்கள். இனி கொஞ்சம் கெத்தாகவே தும்மலாம். கைக்குட்டையை மட்டும் மறந்துடாதீங்க!