டீ போட்டாயிற்று, அம்மா சௌக்கியம்!

விடியற்காலையில் சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டதும், "அம்மா எழுந்துவிட்டாள்" என்று தெரிந்துகொண்டு, போர்வையை இழுத்துவிட்டு இன்னும் கால் மணி தூங்குகிற சுகம் இருக்கிறதே, அதை அனுபவிக்காதவர் யார்? ஆனால் அம்மா நானூறு மைலுக்கு அப்பால் தனியாக இருந்தால் அந்தச் சத்தம் எப்படிக் காதில் விழும்?

ஜப்பானில் விழச் செய்துவிட்டார்கள். அதுவும் எதைக்கொண்டு? ஒரு வெந்நீர்க் கூஜாவைக்கொண்டு!

ஜப்பானிய வீடுகளில் மின்சார வெந்நீர்க் கூஜா என்பது நம் வீட்டுக் காபி ஃபில்டர் மாதிரி. சாப்பாட்டு மேஜை மேல் எப்போதும் உட்கார்ந்திருக்கும். தலையில் ஓர் அமுக்கு அமுக்கினால் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கொட்டும். வயதானவர்கள் நாள் முழுவதும் பச்சைத் தேயிலைக் கஷாயம் குடித்துக்கொண்டே இருப்பார்கள். பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. (நமக்குச் சரிப்படாது, அது வேறு விஷயம்!)

இந்தக் கூஜாவுக்குப் புதிய உத்தியோகம் கிடைத்ததற்குப் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கிறது. 1996-ஆம் வருஷம், டோக்கியோ நகரில் இகெபுகுரோ என்ற ஜன நெருக்கடி மிகுந்த பகுதி. அங்கே ஓர் அடுக்கு வீட்டில் எழுபத்தேழு வயதுத் தாயும், நோயாளியான நாற்பத்தொரு வயது மகனும் இறந்து கிடந்தார்கள். பட்டினியால் இறந்தார்கள்! பல நாட்கள் கழித்துத்தான் விஷயம் வெளியே தெரிந்தது. சுற்றிலும் லட்சக்கணக்கான மனிதர்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தத் தாய் எழுதி வைத்திருந்த நாட்குறிப்பு பிற்பாடு புத்தகமாக வந்து நாட்டையே உலுக்கிற்று.

டோக்கியோவில் ஒரு டாக்டர் இதைப் பற்றி யோசித்தார். தினமும் கை படுகிற ஒரு வீட்டுச் சாமானே, "இந்த வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கிறது" என்று சொல்லக்கூடாதா? இந்த யோசனை ஜோஜிருஷி கம்பெனியிடம் போயிற்று. ஜோஜிருஷி என்றால் வேறொன்றுமில்லை, 'யானை மார்க்' என்று அர்த்தம்! 1918-ல் ஒஸாகா நகரில் சகோதரர்கள் இருவர் ஆரம்பித்த பிளாஸ்க் வியாபாரம் அது. யானை மார்க்காரர்கள் சில வருஷங்கள் பாடுபட்டு, 2001-ல் 'ஐ-பாட்' என்ற கூஜாவைக் கொண்டுவந்தார்கள். பாட்டுக் கேட்கும் கருவி என்று நினைத்துவிடாதீர்கள். இது தண்ணீர் கொதிக்கும் பாட்!

அதன் வயிற்றுக்குள் செல்போனில் இருப்பது போன்ற சிறிய கருவி ஒன்று உண்டு. பாட்டி கூஜாவின் விசையைப் போட்டாலும் சரி, வெந்நீர் பிடித்தாலும் சரி, அந்த நேரத்தைக் கருவி குறித்துக்கொண்டு அனுப்பிவிடும். வேறு ஊரில் இருக்கும் மகளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை மின்னஞ்சல் வரும்: காலை ஆறரைக்கு வெந்நீர் பிடித்தார், ஒன்பதே காலுக்குப் பிடித்தார் என்று. இதற்கு ஆரம்பத்தில் மாதக் கட்டணம் 3,000 யென் வைத்தார்கள். அடுத்த வருஷமே டோக்கியோ காஸ் கம்பெனியும், அடுப்பு எரிந்த கணக்கைப் பிள்ளைகளுக்கு அனுப்பும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கிற்று.

"இதற்கு இவ்வளவு சுற்றுவழி எதற்கு? ஒரு காமிராவை மாட்டிவிட்டால் போயிற்று" என்று உங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் யாராவது சொல்லக்கூடும். சொல்பவரையே ஒரு நாள் முழுதும் காமிராவின் எதிரே உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள்! தலை வாராமல், புடவைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு தன் வீட்டில் தன் இஷ்டப்படி இருப்பதற்குத்தானே ஒருத்தி தனியாக இருக்கவே சம்மதிக்கிறாள்? ஆபத்துக்கு அமுக்கும் பொத்தானைக் கழுத்தில் மாட்டிவிடலாம்தான். ஆனால் "ராத்திரி வேளையில் குழந்தைகளை எதற்கு எழுப்ப வேண்டும்?" என்று வலியைப் பொறுத்துக்கொண்டு கிடக்கிற தாய்மார் எந்த நாட்டில் இல்லை? கூஜாவோ அவளிடம் ஒன்றும் கேட்பதில்லை. அவள் வழக்கம்போல் டீ குடித்தால் போதும்.

இதனால் எல்லா ஆபத்தும் விலகிவிடும் என்று எண்ணிவிடக்கூடாது. குளிக்கும் அறையில் வழுக்கி விழுந்தால் கூஜாவுக்குத் தெரியாது. வெந்நீர் பிடிக்கவில்லை என்ற செய்தி மகளுக்கு எட்டுவதற்குள் பல மணி நேரம் ஓடியிருக்கும். எட்டிய பிறகும் யாராவது ஒருவர் போய்க் கதவைத் தட்டியாக வேண்டுமே! அடுத்த வீட்டுக்காரரின் டெலிபோன் நம்பர் மகளிடம் இல்லாவிட்டால், கூஜா அனுப்பிய செய்தியை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. "டீ குடித்துவிட்டாள், சௌக்கியமாகத்தான் இருக்கிறாள்" என்று, வாரம் ஒருமுறை பண்ணுகிற டெலிபோனையும் நிறுத்திவிடுகிற பிள்ளைகள் இருக்கமாட்டார்களா? இதற்கு மாறாக, "இன்று ராத்திரி இரண்டு மணிக்கு டீ குடித்திருக்கிறாயே, தூக்கம் வரவில்லையா அம்மா?" என்று விசாரிக்கிற பெண்ணும் இருப்பாள். கூஜா இருவருக்கும் ஒரே செய்தியைத்தான் அனுப்புகிறது.

ஜப்பானில் 2023 கணக்குப்படி நூறு பேரில் இருபத்தொன்பது பேர் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். யாரும் அறியாமல் தனிமையில் இறப்பதைக் குறிக்க 'கொதோகுஷி' என்று அவர்கள் பாஷையில் தனி வார்த்தையே வழங்குகிறது.

கூஜாவைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. வெளியே புறப்படும்போது அமுக்குவதற்கென்று அதில் ஒரு பொத்தான் வைத்தார்கள். திரும்பி வந்ததும் மறுபடி அமுக்க வேண்டும். அம்மா கடைக்குப் போயிருக்கிறாள் என்று மகளுக்குத் தெரிந்துவிடும், வீணாகக் கவலைப்படமாட்டாள். ஜப்பானியர் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது, "இத்தேகிமாஸ்" என்று உள்ளே இருப்பவரிடம் சொல்லிக்கொள்வது வழக்கம். அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? நாம் வாசற்படியில் நின்று சொல்கிறோமே, அதேதான்: "போய்விட்டு வருகிறேன்!"