டிஜிட்டல் வானொலி: கேட்பவருக்கு என்ன லாபம்?

போன நோன்பில் ஒருநாள் அந்தி நேரம். கனகராயன்குளத்தில் நான் தங்கியிருக்கும் ஆசிரியர் விடுதியில் கரண்ட் இல்லை, கைபேசியிலும் சார்ஜ் இல்லை. பாங்கு காதில் விழும் தூரத்தில் பள்ளிவாசலும் கிடையாது. இரண்டு பற்றரி போட்ட சின்ன ரேடியோவில் முஸ்லிம் சேவையைப் பிடித்தேன். கரகரவென்றுதான் வந்தது. ஆனாலும் கொழும்பிலிருந்து வந்த மஃரிப் பாங்கு விளங்கியது. எங்கள் பக்கம் அதற்குள் சூரியன் இறங்கியிருக்கும் என்பதால் சந்தேகமில்லாமல் நோன்பு திறந்தேன்.

மறுநாள் இதைச் சொன்னபோது ஒரு மாணவன், "டிஜிட்டல் வந்தா இரைச்சலே இருக்காதாம் சேர்" என்றான். அவன் சொன்னது பாதி சரி.

பழைய முறையில் அலை பலவீனமானால் குரலோடு இரைச்சல் கலக்கும். நமது காது குரலை மட்டும் பொறுக்கிக்கொள்ளும். டிஜிட்டலில் ஒலி எண்களாக வருகிறது. போதிய அளவு எண்கள் சரியாக வந்து சேர்ந்தால் கண்ணாடி போலத் தெளிவு. அந்த அளவுக்குச் சற்றுக் குறைந்தாலோ விட்டுவிட்டு வரும், பிறகு மௌனம். கரகரப்போடு ஒரு பாங்கு கிடைக்கும் நடுநிலை அதில் இல்லை. நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு அது வரம். வன்னி போன்ற எல்லைப்புறத்தில் இருப்பவனுக்கு எப்படி என்று யோசிக்க வேண்டும்.

மத்திய அலையில் இன்னொரு சிக்கல் உண்டு. அமெரிக்காவில் பழைய ஒலிபரப்பையும் டிஜிட்டலையும் ஒன்றாக அனுப்பும் முறைக்கு 2002 இல் அனுமதி கிடைத்தது. அங்கே நிலையங்களுக்கு இடையே 10 கிலோஹேர்ட்ஸ் இடைவெளி. டிஜிட்டல் பகுதியோ மைய அலைவரிசையிலிருந்து இருபக்கமும் 10 முதல் 15 வரை பரவியது. அதாவது பக்கத்து வீட்டு வளவுக்குள் கால் வைத்தது. பகலில் சமாளிக்கலாம். இரவில் மத்திய அலை வானில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் போகும். 2007 இல் இரவிலும் அனுமதித்தபோது தூரத்து நிலையங்களைக் கேட்டுப் பழகியவர்களுக்கு வெறும் 'ஸ்ஸ்' தான் மிஞ்சியது. பிறகு பல நிலையங்கள் தாமாகவே அதை நிறுத்திக்கொண்டன.

நமக்கு இது தூரத்துக் கதையல்ல. தூத்துக்குடியின் 1053 ஐ இரவில் தேடிப் பிடித்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. இந்தியா டிஆர்எம் என்ற டிஜிட்டல் முறையைத் தேர்ந்து, 35 மத்திய அலை ஒலிபரப்பிகளை அதற்கு ஏற்றபடி அமைத்தது. சாதாரண ரேடியோவில் டிஆர்எம் அலைவரிசைக்கு முள்ளைக் கொண்டுபோனால் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம்தான். அதைக் கேட்கத் தனிப் பெட்டி வேண்டும். விலையோ சாதாரண ரேடியோவைப் போலப் பல மடங்கு.

வாங்கி ஏமாந்த அனுபவமும் உண்டு. வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற செய்மதி வானொலி 2000 இல் ஏவிய ஏசியாஸ்டார் வழியாகத் தமிழுக்கும் ஓர் அலைவரிசை நடத்தியது. தெளிவு பிரமாதம்தான், ஆனால் அன்டெனா வானம் பார்த்து நிற்க வேண்டும், சந்தாவும் கட்ட வேண்டும். 2009 முடிவில் இந்தியச் சேவை நின்றது. பெட்டி வாங்கியவர் பெட்டியோடு நின்றார்.

வசதியான நாடுகளிலும் சனங்கள் ஓடிப்போய் அணைத்துக்கொள்ளவில்லை. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 முடிவில் பண்பலையை மூடியது. கேட்போர் தொகை குறைந்தது.

டிஜிட்டலில் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரே அலைவரிசையில் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளை அனுப்பலாம். ஒலிபரப்பியின் மின்செலவும் குறையும். ஆனால் இரண்டும் நிலையத்தாருக்கு லாபம். கேட்பவனின் பெட்டியோ கூடுதல் மின்சாரம் குடிக்கிறது. யுத்த காலத்தில் பற்றரிக்குத் தடை இருந்தபோது, வன்னியில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்டார்கள் சனங்கள். அந்தச் சொட்டு மின்சாரத்தில் ஒரு டிஜிட்டல் பெட்டி எத்தனை நிமிடம் தாங்குமோ?

இந்தியாவில் இப்போது டிஆர்எம் வசதி பெரும்பாலும் புதுக் கார்களில்தான் வருகிறது என்று வகுப்பில் சொன்னேன். அதே மாணவன் கேட்டான்: "அப்ப கார் இல்லாத ஆக்கள் என்ன சேர் செய்யிறது?"