நடையைத் துள்ளலாக்கும் சிந்து

தைப்பூசம் நெருங்கினால் களக்காடு, நாங்குநேரி பக்கத்து ஊர்களிலிருந்து திருச்செந்தூருக்கு நடந்தே போகிறவர்கள் உண்டு. கால் ஓயும் நேரத்தில் கூட்டத்தில் ஒருவர் காவடிச்சிந்து எடுத்துக் கொடுத்தால் போதும், நடை தானாகவே வேகம் பிடிக்கும்.

நாட்டார் வழக்கில் இருந்த இந்தப் பாட்டுக்கு இலக்கியத்தில் இடம் பிடித்துக் கொடுத்தவர் நெல்லைச் சீமைக்காரர்தான். சங்கரன்கோவில் வட்டாரத்துச் சென்னிகுளத்தைச் சேர்ந்த அண்ணாமலை ரெட்டியார், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவர். திருவாவடுதுறையில் உ.வே.சாமிநாதையரிடம் பாடம் கேட்டவர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்தபோது, வழிநடைப் பாட்டாகக் காவடிச்சிந்துகளைப் பாடினார் என்பார்கள். முப்பது வயதை எட்டும் முன்பே மறைந்துவிட்டார்.

அவர் பாட்டில் உற்சாகம் எங்கிருந்து வருகிறது? பொருளிலிருந்து மட்டுமல்ல. பல பாடல்கள் தலைவனைப் பிரிந்து ஏங்கும் பெண்ணின் புலம்பல்கள். ஆனாலும் கேட்பவர் கால் தாளம் போடும்.

சூட்சுமம் எழுத்தில் இருக்கிறது. அடி நிதானமாகத் தொடங்கி ஓர் இயைபில், அதாவது ஒத்த ஒலியில் முடியும் சொல்லில், நிற்கும். அடுத்து ஒரு தனிச்சொல். மறுபடி அதே இயைபு. பிறகு முடுகு என்னும் விரைவு நடை. ‘தனதத்தன தனதத்தன’ என்று குற்றெழுத்துகள் அடுக்கடுக்காக ஓடிவரும். ஒவ்வொரு சீரின் நடுவிலும் ஓர் ஒற்று விழுந்து உந்தித் தள்ளும். நெடில் நுழைந்தால் ஓட்டம் தடைப்படும் என்பதால் அங்கே அது அரிது. மூச்சு முட்டும் இடத்தில் இரண்டு சின்னச் சொற்கள் ஒன்றுக்கொன்று இயைந்து அடியை முடித்துவைக்கும். பாடுபவர் மூச்சு வாங்கிக்கொள்ள, கூட்டம் அந்தச் சொற்களைத் திருப்பிச் சொல்லலாம்.

இவ்வளவு கணக்கையும் பண்டிதரால் போட முடியும். அதைக் காவடி சுமப்பவரின் தோளுக்கும் காலுக்கும் பொருத்தியதில்தான் ரெட்டியாரின் மேதைமை தெரிகிறது. படிப்பறியாதவர்களும் ஒருமுறை கேட்டுக் கூடவே பாட முடிந்தது.

கழுகுமலைக் கோயிலைப் பராமரித்து வந்த ஜமீன் எட்டயபுரம். அந்த எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதியும் பின்னாளில் காவடிச்சிந்து மெட்டில் எழுதினார். சிந்து வகைகளை விடுதலைப் பாட்டுக்கும் கொண்டுபோனார்.

இன்று திருவிழாவுக்கோ பள்ளி விழாவுக்கோ குதூகலப் பாட்டு எழுத உட்காருகிறவர்கள், ரெட்டியாரின் ஒரு சிந்தை எடுத்துக் கைத்தட்டிக்கொண்டே வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம். எந்த எழுத்தில் தட்டு விழுகிறது, எங்கே மூச்சு கிடைக்கிறது என்பதைக் கையும் வாயுமே காட்டிக்கொடுத்துவிடும்.