ஆயுத பூஜைக்கு மட்டும் துடைத்தால் போதுமா? பொருள்களின் ஆயுளைக் கூட்டினால் கையில் பணம் நிற்கும்!

சம்பா அறுவடை முடிந்து களம் காலியாகும் நேரம் இது. தெளிப்பான் திண்ணை மூலையிலும், தார்ப்பாய் மாட்டுக்கொட்டகையின் கூரையிலும், மண்வெட்டி வாய்க்கால் ஓரத்திலுமாகக் கிடக்கும். ஆடியில் மறுபடி கையில் எடுக்கும்போதுதான் பேட்டரி சார்ஜ் ஏறாது, தார்ப்பாய் எலி கடித்துக் கிடக்கும், மண்வெட்டியின் காம்பு கழன்று வரும். விதைக்கும் உழவுக்கும் பணம் தேட வேண்டிய சமயத்தில், இதற்கும் சேர்த்துக் கடன் வாங்க வேண்டியிருக்கும்.

சாகுபடிக் கணக்கு எழுதும் விவசாயிகள்கூட விதை, உரம், மருந்து, கூலி ஆகியவற்றைத்தான் எழுதுகிறார்கள். கருவிகளுக்கும் வீட்டுப் பொருள்களுக்கும் போகும் பணம் கணக்கில் வருவதில்லை. 3,000 ரூபாய்க்கு ஒரு தார்ப்பாய் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 2 ஆண்டுகளில் கிழிந்தால் ஆண்டுக்கு 1,500 ரூபாய் செலவு. 5 ஆண்டுகள் உழைத்தால் 600 ரூபாய்தான். ஒரு தார்ப்பாயிலேயே ஆண்டுக்கு 900 ரூபாய் மிச்சம். தெளிப்பான், மோட்டார், மிக்ஸி, கிரைண்டர், அடுப்பு என்று எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. எந்தப் பொருளும் வேலை செய்யும்போதுதான் பழுதாகும். பயிர் பூக்கும் தருணத்தில் மோட்டார் காயில் எரிந்தால், கட்டி வருவதற்குள் பயிர் வாடிவிடும். காயவைத்த நெல் நனைந்தால், ஈரப்பதத்தைக் காட்டி விலையைக் குறைப்பார்கள். ஆகவே, ஓய்வு கிடைத்திருக்கும் இந்த நாள்களிலேயே பராமரிப்பை முடித்துவிடுவது நல்லது.

தெளிப்பான்: கழுவாமல் வைத்தால் பயிருக்கும் ஆபத்து!

மருந்து அடித்து முடித்ததும் டேங்கில் மிச்சம் வைக்காதீர்கள். நல்ல தண்ணீர் ஊற்றி 3 முறை அலசி, அந்தத் தண்ணீரை நாசில் வழியாகவே அதே வயலில் தெளித்துவிடுங்கள். வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டக் கூடாது. டேங்க் வாயிலும் கைப்பிடியிலும் இருக்கும் சல்லடைகளைக் கழற்றிக் கழுவுங்கள்.

நாசில் அடைத்துக்கொண்டால் கம்பியால் குத்துவது பலருக்கும் பழக்கம். துளை பெரிதானால் மருந்து கூடுதலாக வெளியேறும், பயிரில் சீராகப் படியாது. மருந்துச் செலவு ஏறுவதோடு பூச்சியும் கட்டுப்படாது. பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவினாலே போதும். வாயால் ஊதவே கூடாது.

பேட்டரி தெளிப்பானில் பெரும்பாலும் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிதான் இருக்கும். சார்ஜ் இறங்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் அது செத்துப்போகும். வேலை முடிந்த அன்றே முழுதாகச் சார்ஜ் போடுங்கள். ஓய்வில் இருக்கும்போதும் மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். காலண்டரில் ஒரு தேதியைக் குறித்துவைத்தால் மறக்காது. கைத்தெளிப்பானாக இருந்தால், தோல் வாஷரில் சில சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள். காய்ந்து விறைத்த வாஷர்தான் அழுத்தம் குறையக் காரணம்.

களைக்கொல்லிக்கும் பூச்சிக்கொல்லிக்கும் ஒரே தெளிப்பானைப் பயன்படுத்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. மக்காச்சோளத்தில் 2,4-டி அடித்த தெளிப்பானைப் பேருக்கு அலசிவிட்டு, பருத்திக்குப் பூச்சி மருந்து அடித்த வயல்களைப் பார்த்திருக்கிறேன். சில நாள்களில் இலைகள் குறுகி, விரல் விரித்ததுபோலக் கோணலாகிவிடும். வைரஸ் நோய் என்று நினைத்து மேலும் மருந்து வாங்கி அடிப்பார்கள். பருத்தி, தக்காளி, திராட்சை போன்ற பயிர்கள் 2,4-டியின் சிறு எச்சத்தைக்கூடத் தாங்காது. களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்து, அதில் சிவப்பு பெயின்ட்டால் அடையாளம் போடுங்கள். வாங்க வசதி இல்லாவிட்டால், பக்கத்து வயல்காரர்கள் 2, 3 பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

தார்ப்பாய், சாக்கு, ஹோஸ்: வெயிலும் எலியும்தான் எமன்!

நாம் வாங்கும் தார்ப்பாய், தண்ணீர் ஹோஸ், வாளி எல்லாமே பிளாஸ்டிக்தான். தொடர்ந்து வெயிலில் கிடந்தால் பிளாஸ்டிக் நொறுங்கும். நெல் காயவைத்ததும் தார்ப்பாயைக் களத்திலேயே விட்டுவைக்காமல் உதறி, ஈரம் போக நிழலில் காயவைத்து, சுருட்டி உள்ளே வையுங்கள். எப்போதும் ஒரே கோட்டில் மடித்தால் அந்த மடிப்பிலேயே கிழியும். மடிப்பதைவிடச் சுருட்டுவது மேல். நெல் கிடக்கும்போது ஒரு முனையைப் பிடித்துத் தரதரவென்று இழுக்காமல், இருவர் தூக்கி நகர்த்துங்கள். தானியம் ஒட்டியிருந்தால் எலி தேடி வரும் என்பதால் நன்றாக உதறிவிட்டு, பரணிலோ கயிற்றிலோ தொங்கவிடுங்கள். சிறு ஓட்டையைக் கண்ட அன்றே இருபுறமும் ஒட்டுப் போடுங்கள்.

சணல் சாக்குகளைத் திருப்பிப் போட்டு உதறி, நல்ல வெயிலில் காயவைத்தால் உள்ளே தங்கியிருக்கும் வண்டுகள் வெளியேறும். பயறு வைக்கும் சாக்குகளை 10 சதவிகித வேப்பங்கொட்டைக் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்திப் பயன்படுத்தலாம். மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். சாக்கும் மக்காது, உள்ளே இருக்கும் தானியமும் தப்பும்.

மண்வெட்டி, அரிவாள்: 5 நிமிட வேலை!

இரும்பைக் கெடுப்பது ஈரமண்தான். வேலை முடிந்ததும் மண்ணைக் கழுவி, துணியால் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு தடவை தேய்த்து மாட்டிவிடுங்கள். உரம் தொட்ட கருவியைக் கழுவாமல் வைத்தால் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். மரக்காம்பை வெயிலிலும் மழையிலும் போடாமல், ஆண்டுக்கு ஒருமுறை ஆளி விதை எண்ணெய் தடவினால் வெடிப்பு விழாது. அரிவாளை அவ்வப்போது தீட்டி வைத்துக்கொண்டால் கை வலியும் குறையும், வேலையும் ஓடும்.

மோட்டார்: காயில் எரிவதற்கு முன்பே கவனியுங்கள்!

வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் அதிகக் கரன்ட்டை இழுத்துச் சூடாகும். இரண்டு பேஸ் வரும் நேரத்தில் கெப்பாசிட்டர் போட்டு ஓட்டினாலும் அப்படித்தான். தண்ணீர் அவசரத்துக்கு ஓட்டுவது புரிகிறது. ஆனால், காயில் எரிந்தால் அந்தத் தண்ணீரும் கிடைக்காது. ஒரு பேஸ் போனாலும், வோல்டேஜ் குறைந்தாலும், தண்ணீர் இல்லாமல் ஓடினாலும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் பாதுகாப்புக் கருவியை ஸ்டார்ட்டரோடு பொருத்திக்கொள்ளுங்கள். ஒருமுறை காயில் கட்டும் செலவோடு அதன் விலையை ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது நீர்மூழ்கி மோட்டார்களுக்கு இது மிக அவசியம்.

கிணற்று மேட்டில் இருக்கும் பம்ப்செட்டில், கிளாண்ட் கயிறு வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கசிவது இயல்பு. ஒரு சொட்டும் விழாதபடி இறுக்கினால் ஷாஃப்ட் தேயும். தாரையாக ஒழுகினால் கயிற்றை மாற்றுங்கள். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் பல்லி, எறும்பு புகாமல் துளைகளை அடைக்க எலெக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். மெயினை அணைக்காமல் பெட்டியைத் திறக்கவே கூடாது.

சமையலறை: வீட்டிலுள்ள எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

மிக்ஸியைத் தொடர்ந்து ஓட்டக் கூடாது. 5 நிமிடம் ஓடினால் 2 நிமிடமாவது ஓய்வு கொடுங்கள். ஜாரை முழுதாக நிரப்பாமல் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக மட்டும் போடுங்கள். திடீரென்று நின்றுவிட்டால் ஸ்விட்சை அணைத்து, ஆறவிட்டு, அடியில் இருக்கும் ஓவர்லோடு பொத்தானை அழுத்துங்கள். இது தெரியாமலே பலர் கடைக்குத் தூக்கிச் செல்கிறார்கள்.

கிரைண்டரைக் கழுவும்போது மோட்டார் பக்கம் தண்ணீர் போகக் கூடாது. குக்கர் கேஸ்கட்டைத் தினமும் கழற்றிக் கழுவித் துடைத்து, மூடியில் மாட்டாமல் தனியே வையுங்கள். கேஸ் அடுப்பில் நீலச் சுடர் எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் கேஸ் வீணாகிறது என்று பொருள். பர்னரை ஆறவைத்துக் கழற்றி, துளைகளைச் சுத்தம் செய்து, உலர்ந்தபின் மாட்டுங்கள்.

இவற்றின் ஆயுளை நீட்டாதீர்கள்!

சிக்கனம் பார்க்கக் கூடாத இடங்களும் உண்டு. கேஸ் டியூப்பை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். குக்கர் சேஃப்டி வால்வுக்குப் பதிலாக வேறு எதையும் வைத்து அடைக்காதீர்கள். தோல் உரிந்த வயருக்கு ஒட்டுப் போட்டுக் கிணற்றுக்கு இழுக்காதீர்கள். காலாவதியான மருந்தை 'வீணாகிறதே' என்று அடிக்காதீர்கள். காலி மருந்து டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் அதில் தண்ணீர், எண்ணெய், தீவனம் எதுவும் வைக்கக் கூடாது. 3 முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பு டேங்கிலேயே ஊற்றி, டப்பாவை மறுபடி பயன்படுத்த முடியாதபடி ஓட்டை போட்டுவிடுங்கள்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

மண்வெட்டிக் காம்பு ஆடினால் தண்ணீரில் ஊறப்போடுகிறோம். சரியா?

அன்றைய வேலைக்கு உதவும். மரம் உப்பி இறுகும், காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடும். கழன்று தெறித்தால் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து. காய்ந்த கட்டை மரத்தில் ஆப்பு செதுக்கி இறுக்குவதுதான் நிரந்தரத் தீர்வு.

பழைய என்ஜின் ஆயிலைக் கருவிகளுக்குப் பூசலாமா?

கலப்பைக் கொழு, மண்வெட்டி போன்றவற்றுக்குத் துணியால் லேசாகப் பூசலாம். கீரை, தீவனம் அறுக்கும் அரிவாளுக்கு வேண்டாம், தேங்காய் எண்ணெய் போதும். மிச்ச ஆயிலை மண்ணிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள்.

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

பழுதுச் செலவு புதிய விலையில் பாதியைத் தாண்டி, பொருளும் பழையதாக இருந்தால் புதிது வாங்குவது நல்லது. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, உதிரிபாகம் பக்கத்து ஊரில் கிடைக்குமா என்று பாருங்கள். ரசீதையும் உத்தரவாத அட்டையையும் ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். ஆண்டில் சில நாள்களே தேவைப்படும் பெரிய இயந்திரங்களை வாங்க வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரங்களை உழவன் செயலி மூலம் வாடகைக்குப் பதிவு செய்யலாம். விவரங்களுக்கு உங்கள் வட்டார அலுவலகத்தில் கேளுங்கள்.