தண்டவாளக் காதலர்கள் – 9: லிக்கி ஏற்றமும் ஆரியங்காவுக் கணவாயும்

செங்கோட்டையில் கொல்லம் ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் இன்னோர் எஞ்சினைக் கொண்டுவந்து மாட்டுவார்கள். குற்றாலத்தில் குளித்த தலை காயாமல் ஏறிய குடும்பங்களில் ஒரு பிள்ளையாவது கேட்கும்: “ரெண்டு பக்கமும் எதுக்குப்பா எஞ்சின்?”

“மலைப்பாதைல்லா, அதான்” என்பார் அப்பா.

அப்பா சொன்னது சரி. பகவதிபுரத்துக்கும் இடமணுக்கும் நடுவில் 37 மீட்டர் போனால் 1 மீட்டர் சரிவு. சாலையில் பஸ் அலட்சியமாக ஏறிவிடும் சரிவுதான். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஏறும்போது, அதுவும் சாரலில் நனைந்த தண்டவாளத்தில், அது பெரிய மலை. ஏறுகையில் தள்ளவும், இறங்குகையில் இழுத்துப் பிடிக்கவும் அந்தப் பின் எஞ்சின் வேண்டும்.

கிட்டத்தட்ட இதே சரிவு இங்கிலாந்தில் பிராம்ஸ்குரோவ் என்ற ஊரருகே இருக்கிறது. லிக்கி ஏற்றம் என்பார்கள். 37.7 மீட்டருக்கு 1 மீட்டர்; 3 கிலோமீட்டருக்கும் மேல் விடாமல் ஏறும். ரயில்களைத் தள்ளிவிடுவதற்காகவே 1919-இல் பத்து இயக்குசக்கர எஞ்சின் ஒன்றைக் கட்டினார்கள். ‘பிக் பெர்த்தா’ என்று ஊரே செல்லப்பெயர் வைத்த அந்த எஞ்சின் 1956 வரை அங்கே தள்ளிக்கொண்டே இருந்தது. 1840-இல் பிராம்ஸ்குரோவில் கொதிகலன் வெடித்து இறந்த இரண்டு ரயில்வேக்காரர்களின் கல்லறைகளில் எஞ்சின் படம் செதுக்கியிருக்கிறது. தேவாலய முற்றத்தில் அவை இன்னும் நிற்கின்றன.

அந்த ஊரில் 1959-இல் பிறந்தவர் நடிகர் மார்க் வில்லியம்ஸ். ஹாரி பாட்டர் படங்களில் ரானின் அப்பா ஆர்தர் வீஸ்லியாக வந்தாரே, அவரேதான். மந்திரம் தெரிந்த மனிதர், சாதாரண மின்சாரப் பிளக்கைக் கண்டு வியந்து போவார். அந்தப் பாத்திரத்துக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார் என்பேன். இயந்திரங்களின் கதையையும் தொழிற்புரட்சியின் கதையையும் தொலைக்காட்சியில் சொன்னவர், 2004-இல் ‘மார்க் வில்லியம்ஸ் ஆன் தி ரெய்ல்ஸ்’ என்று ரயில்வே வரலாற்றுக்காகவே ஒரு தொடர் நடத்தினார். சக்கரம் ஏன் வழுக்குகிறது என்பதைப் பொறியாளர் பிழையில்லாமல் விளக்கிவிடுவார். நம்மையும் கூடவே குனிந்து அந்தச் சக்கரத்தைப் பார்க்க வைக்க நடிகரின் குரல் வேண்டியிருக்கிறது.

இனி நம் பக்கம். 1904 நவம்பரில் புனலூர்–செங்கோட்டை மீட்டர்கேஜ் பாதையில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. திருவிதாங்கூரின் முதல் ரயில் பாதையான கொல்லம்–செங்கோட்டைப் பாதையின் மலைப்பகுதி இதுதான். செங்கோட்டையே அப்போது திருவிதாங்கூரில் இருந்தது, 1956 நவம்பரில்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. சுமார் 50 கிலோமீட்டரில் ஐந்து குகைகள். கழுதுருட்டிக்கும் தென்மலைக்கும் நடுவில் கருங்கல்லில் கட்டிய பதின்மூன்று கண் பாலம். குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருவதும் ரயிலுக்கு வழிவிட்டதும் ஒரே ஆரியங்காவுக் கணவாய்தான். அருவியில் நிற்கும்போது முகத்தில் அடிக்கிற காற்று, ரயில் வரும் வழியாகத்தான் வருகிறது.

ரயில் வந்த இரண்டாம் வருடம், 1906-இல், அதே செங்கோட்டையில் பிறந்தார் நாடக மேடையின் எஸ்.ஜி.கிட்டப்பா. 27 வயதில் மறைந்த அந்தப் பாட்டுக்காரரின் பெயரில் ‘எஸ்’ என்பது செங்கோட்டை. ஊர்ப் பெயரை மேடைதோறும் கொண்டுபோன நடிகர் அவர். ஊரின் ரயிலைச் சொல்ல ஒரு நடிகர் இன்னும் வரவில்லை என்பது எனக்குப் பெரிய குறை.

நீலகிரி மலைரயிலை பிபிசி வந்து அழகாகப் படமெடுத்துப் போனது. செங்கோட்டைப் பாதையில் 2010 செப்டம்பரில் மீட்டர்கேஜ் ரயில் நின்றது. குகைகளை அகலப்படுத்தி, பாலத்தைப் பலப்படுத்தி, 2018 ஜூனில் அகலப்பாதை திறந்தார்கள். பழைய பாதையில் பின் எஞ்சினை ஓட்டியவர்கள், மழையில் விளக்கோடு தண்டவாளம் பார்த்து நடந்த கேங்மேன்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். வயதாகிவிட்டது அவர்களுக்கு.

தமிழ்த் தொலைக்காட்சிக்காரர்களே, ரயில் பைத்தியம் பிடித்த ஒரு நல்ல நடிகரைத் தேடிப்பிடித்து, இந்தச் சாரல் காலம் முடிவதற்குள் ஒரு கேமராவோடு செங்கோட்டைக்கு அனுப்புங்கள். அந்தப் பெரியவர்களில் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், வாசகர்களே, இன்று மாலையே பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதை எழுதி எங்களுக்கு அனுப்பிவையுங்கள்.

(தொடரும்)